பழைய கோவாவின் புனிதக் குன்று

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நம் கோவாத் தமிழர் வீடுகளில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். முதல் நாள் கடற்கரை, இரண்டாம் நாள் மங்கேஷி கோயில், மூன்றாம் நாள் பழைய கோவா. பழைய கோவா என்றால் சவேரியார் உடல் இருக்கும் போம் ஜீசஸ் பேராலயம், எதிரே சே கதீட்ரல். அத்தோடு முடிந்தது. வாசலில் மெழுகுவர்த்தியும் முந்திரிப் பருப்பும் வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிடுவோம். இருபத்தெட்டு வருடங்களாக நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

2024 நவம்பர் முதல் 2025 ஜனவரி வரை சவேரியார் உடலை மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள் அல்லவா? பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்த வைபவத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து என் மைத்துனி குடும்பம் வந்திருந்தது. முத்துக்குளித்துறையில் 1542 முதல் இரண்டு மூன்று வருடங்கள் கால்நடையாகச் சுற்றியவர் சவேரியார். அந்தக் கரையோரத்தில் சாதி, சமயம் பார்க்காமல் அவர் பெயரைச் சொல்லுவார்கள். வரிசையில் நின்று தரிசித்து வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கூட்டத்துக்கு ஒதுங்கி மேற்கே சற்று நடந்தோம். சாலைக்கு அப்பால் ஒரு சிறு குன்று. அதன் தலையில் ஒற்றை ஆளாக, பாதி உடைந்த ஒரு கோபுரம்.

"பெரியப்பா, சுத்தியிருக்கிற கோயில் எல்லாம் நல்லா நிக்குது. இது மட்டும் ஏன் விழுந்துச்சு?" என்று கேட்டான் மைத்துனி மகன். ஏழாம் வகுப்பு படிக்கிறவன்.

"பழசுப்பா, விழுந்துடுச்சு" என்றேன்.

"மத்ததும் பழசுதானே?"

பதில் தெரியவில்லை. துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். சரித்திர ஆசிரியன் அல்ல. ஆனாலும் பையனுடைய கேள்வி மனதில் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு நான்கைந்து முறை அந்தக் குன்றுக்குப் போனேன், கிடைத்ததைப் படித்தேன். தெரிந்துகொண்டதை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

குன்றின் பெயர்

போர்த்துகீசியர் இதற்கு இட்ட பெயர் மோந்தே சாந்தோ. புனிதக் குன்று என்று பொருள். மலை என்று சொல்லத்தக்க உயரம் இல்லை. பத்து நிமிடம் நடந்தால் மேலே நிற்கலாம். ஆனால் மேற்கு ஓரத்துக்குப் போய்ப் பாருங்கள்: கீழே மாண்டோவி ஆறு, அதற்கு நடுவே பச்சைப் பசேலென்று திவார் தீவு. ஆற்றில் வரும் படகு எதுவும் இந்த இடத்தின் கண்ணுக்குத் தப்பாது.

அதனால்தான் 1510 நவம்பர் 25-ஆம் தேதி, பீஜப்பூர் அடில் ஷாவின் ஆட்களிடமிருந்து இந்நகரை இரண்டாம் முறையாகப் பறித்தபோது, போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் இங்கே நின்றுதான் சண்டையைப் பார்த்தார் என்கிறார்கள். வெற்றிக்குப் பின் நகரிலிருந்த முஸ்லிம் மக்களை அவருடைய படை வெட்டிச் சாய்த்தது. அதன்பின் சில பத்தாண்டுகளில் இப்பகுதியின் இந்துக் கோயில்களும் இடிபட்டன. 1560-இல் வந்த சமய விசாரணை மன்றம் இடையில் சில வருடங்கள் நீங்கலாக 1812 வரை நீடித்தது. இந்தக் குன்றின் அழகைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கோட்டை போன்ற கோயில்

மேற்கு ஓரத்தில் இருப்பது செபமாலை மாதா கோயில். 1540-களில் கட்டியது, பழைய கோவாவில் இன்று நிற்கும் கோயில்களில் மிகப் பழைமையானவற்றுள் ஒன்று. வெற்றி கிட்டினால் இங்கே கோயில் கட்டுவதாக அல்புகெர்க் நேர்ந்துகொண்டாராம். அவர் காலத்துக்குப் பிறகுதான் நேர்த்திக்கடன் நிறைவேறியது.

பார்த்தால் கோயில் என்றே தோன்றாது. தடித்த சுவர்கள், எட்டாத உயரத்தில் சின்னச் சன்னல்கள், மூலைகளில் உருண்டைத் தூண் மாதிரி கோபுரங்கள். எதிரி எந்த நேரமும் திரும்பி வரலாம் என்ற பயத்தில் கட்டியவர்கள் அல்லவா! அந்தச் சுவரிலும் ஒரு வேடிக்கை உண்டு. கப்பல் கயிற்றை முறுக்கிச் சுற்றிவிட்டதைப் போன்ற கல் வேலைப்பாடு அது. போர்ச்சுகலில் மன்னர் மானுவேல் காலத்துப் பாணி. கடலோடிகளின் கோயில் என்று கயிறே சொல்லிவிடுகிறது.

உள்ளே பலிபீடத்தின் பக்கத்தில் கதரீனா என்ற பெண்மணியின் கல்லறை இருக்கிறது. ஆளுநர் கார்சியா த சாவின் மனைவி. மேலே சலவைக்கல்லில் செதுக்கிய வேலைப்பாடு, சாட்சாத் குஜராத்திப் பாணி. போர்த்துகீசியச் சீமாட்டிக்கு நம் நாட்டுச் சிற்பி செய்த மரியாதை.

நாற்பத்தாறு மீட்டர்

இப்போது அந்த உடைந்த கோபுரத்துக்கு வருவோம். அது புனித அகுஸ்தினார் சபைத் துறவிகளின் கோயில். அவர்கள் கோவாவுக்கு வந்தது 1572-இல். கோயில் எழுந்தது 1597-க்கும் 1602-க்கும் இடையில். முகப்பின் இரு பக்கமும் இரு கோபுரங்கள், ஏறத்தாழ 46 மீட்டர் உயரம். இன்றைய கணக்கில் பதினைந்து மாடிக் கட்டடம்! உள்ளே எட்டுச் சிற்றாலயங்கள். மேலே தூணே இல்லாமல் வளைந்து நிற்கும் மாபெரும் கல் கூரை. ஒட்டினாற்போல் துறவிகளின் மடம். தரை முழுவதும் கல்லறைக் கற்கள். சுவரில் பதித்த வண்ண ஓடுகளின் துண்டுகள் இன்னும் அங்கங்கே கிடைக்கின்றன.

இதற்கு நேர் எதிரே, குன்றின் அதே மேட்டில், அதே சபையைச் சேர்ந்த பெண்களுக்காக ஒரு கன்னியர் மடம் எழுந்தது. அகுஸ்தினாரின் தாயாரான புனித மோனிக்காவின் பெயரில் 1606-இல் தொடங்கி 1627-இல் முடித்தார்கள். தாயும் பிள்ளையும் எதிரெதிரே. மூன்று மாடி, நடுவே முற்றம், மதில் போன்ற சுவர்.

மடம் இன்றும் முழுசாக நிற்கிறது. கோயிலோ இடிந்து கிடக்கிறது. இரண்டையும் கட்டியது ஒரே கல். நனைத்தது ஒரே மழை. பையன் கேட்ட கேள்விக்கு விடை இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் சாலையில்தான் இருக்கிறது.

கல்லின் குணம்

கோவாவின் கட்டடக் கல் செம்பாறாங்கல். கேரளத்துக்காரர்கள் வெட்டுக்கல் என்பார்கள். தரைக்குள் இருக்கும்போது மெத்தென்று இருக்கும். கோடரியால் செதுக்கி எடுக்கலாம். வெளியே எடுத்துக் காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். மலிவு, கைக்கெட்டிய தூரத்தில் கிடைப்பது. ஆனால் உடம்பெல்லாம் துளை. தேனடை மாதிரி தண்ணீரைக் குடிக்கும்.

கோவாவில் வருடத்துக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி நான்கே மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. இந்தக் கல்லை இந்த மழையில் நிறுத்தி வைக்க ஒரே வழி சுண்ணாம்புப் பூச்சு. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைக் கனமாகப் பூசி, மழைக்காலம் முடிந்ததும் வருடா வருடம் வெள்ளையடிக்க வேண்டும். பழைய கோவா வீடுகளில் மழைக்கு முன்பே சுவரை ஒட்டித் தென்னங்கீற்றுத் தட்டி கட்டுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். எல்லாம் இதற்காகத்தான்.

பூச்சு உதிர்ந்தால் என்ன ஆகும்? முதல் மழையில் கல் நனையும். இரண்டாம் மழையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சாந்து கரையும். அந்த இடுக்கில் ஒரு பறவை எச்சமிடும். ஆலோ அரசோ முளைக்கும். வேர் இடுக்கைப் பிளக்கும். வளைந்த கல் கூரை தன் பாரத்தை இரு பக்கச் சுவர்கள்மீதும் சாய்த்து நிற்பது. சுவர் ஒரு விரற்கடை விலகினால் போதும், நடுவில் பிடிமானம் போய்விடும். அப்புறம் ஒரு நாள் எல்லாம் கீழே.

1835

1834-இல் போர்ச்சுகலில் துறவற சபைகளைக் கலைத்துச் சட்டம் வந்தது. சொத்துக்கள் அரசுடைமை. கோவாவில் 1835-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆண் துறவிகள் எல்லோரும் மடங்களை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அகுஸ்தினார் கோயிலின் கதவு சாத்தப்பட்டது.

ஏழே வருடம். 1842-இல் அந்தக் கல் கூரை இடிந்து விழுந்தது. இருநூற்று நாற்பது வருடம் தாங்கியது, ஆள் போன ஏழாவது வருடத்தில் போய்விட்டது! பிறகு 1931-இல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் சரிந்தன. 1938-இல் இன்னும் கொஞ்சம். மிஞ்சியதுதான் நாம் பார்ப்பது.

கோபுரத்தில் தொங்கிய பெரிய மணி மட்டும் பிழைத்தது. கூரை விழுவதற்கு முந்தின வருடம், 1841-இல், அதைக் கழற்றி அகுவாதா கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1871-இல் பஞ்சிம் நகரின் அமலோற்பவ மாதா கோயிலில் ஏற்றினார்கள். நாம் எத்தனை திரைப்படங்களில் பார்த்த அந்த வெள்ளைப் படிக்கட்டுக் கோயில்தான். அங்கே கேட்கும் மணியோசை இந்தக் குன்றிலிருந்து போனது.

எதிரே இருந்த கன்னியர் மடத்துக்கு என்ன நடந்தது? சட்டம் அவர்களுக்கும்தான். ஆனால் பெண்கள் விஷயத்தில் ஒரு சலுகை: புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, இருப்பவர்கள் சாகும்வரை இருக்கலாம். அப்படியே இருந்தார்கள். வருடம் ஆக ஆக ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கடைசிக் கன்னியர் கண் மூடியது 1885-இல். அதாவது, எதிரே கூரை விழுந்து நாற்பத்து மூன்று வருடம் ஆன பிறகும் இந்த மடத்தில் ஆள் இருந்தது. எத்தனை பெரிய மடம், எத்தனை சிலரே இருந்திருப்பார்கள்! ஆனாலும் ஒழுகினால் பாத்திரம் வைக்க ஒருவர், ஓடு மாற்றச் சொல்ல ஒருவர், சுவரில் முளைத்த செடியைக் கண்டால் பிடுங்க ஒருவர் இருந்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

1964 முதல் அந்த மடத்தில் கன்னியருக்கான கல்வி நிலையம் நடக்கிறது. 1994-இல் ராச்சோலில் தொடங்கிய கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் பின்னர் இந்த வளாகத்துக்கே இடம் மாறி வந்தது. தந்தத்திலும் வெள்ளியிலும் நம் நாட்டுக் கைவினைஞர்கள் செய்தவற்றைப் பார்க்க அவசியம் போகவேண்டும்.

பக்கத்தில் உள்ள அந்தோணியார் சிற்றாலயமும் 1835-இல் மூடியதுதான். அதை 1894-இல் புதுப்பித்தார்கள். 1961-இல் மீண்டும் ஒருமுறை. இந்த அந்தோணியார் சிலைக்குப் படையில் கேப்டன் பதவியும் சம்பளமும் உண்டாம். வருடத்துக்கு ஒருமுறை ஊர்வலமாகக் கஜானாவுக்குப் போய் வாங்கி வருவாராம்! அதற்கும் அப்பால் இருக்கும் பழைய மடம் ஒன்றில் இப்போது முதியோர் இல்லம் நடக்கிறது. ஆள் புழங்குகிற கட்டடமெல்லாம் நிற்கிறது.

கீழே நகரமும் இதே கதைதான். கொள்ளை நோய்க்கு அஞ்சி மக்கள் காலி செய்தார்கள். 1759-இல் வைஸ்ராயே இருப்பிடத்தை மாற்றிக்கொண்டார். 1843-இல் பஞ்சிம் தலைநகர் ஆயிற்று. பழைய வீடுகளின் கற்களைப் பெயர்த்துப் புதிய ஊருக்கு எடுத்துப் போனார்கள். நம் மொழிக்கும் அங்கே ஒரு கடன் உண்டு. தமிழ் அச்சின் முதல் எழுத்துகளை 1577-இல் கோவாவில்தான் வார்த்தார்கள். அடுத்த வருடம் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. அக்காலத்தில் அச்சகம் வைத்திருந்த புனித பவுல் கல்லூரியில் இன்று ஒரு நுழைவு வளைவு மட்டுமே மிச்சம்.

இடிபாட்டில் ஒரு ராணி

விழுந்த கோயிலும் ஒரு ரகசியத்தை வைத்திருந்தது. ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த ராணி கேத்தவன், பாரசீக மன்னர் ஷா அப்பாஸிடம் பணயமாகச் சிக்கி, மதம் மாற மறுத்ததால் 1624-இல் ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அங்கிருந்த அகுஸ்தினார் சபைத் துறவிகள் அவருடைய எலும்புகளில் ஒரு பகுதியை 1627-இல் கோவாவுக்குக் கொண்டுவந்து, இந்த மடத்து மண்டபச் சன்னல் ஒன்றில் கல்பெட்டியில் வைத்தார்கள். இது போர்த்துகீசிய ஏடுகளில் இருந்த குறிப்பு. ஆனால் கட்டடமே மண்மேடாகிவிட்டதே, எந்தச் சன்னல் என்று தேடுவது?

பல வருடத் தேடலுக்குப் பின் 2004-இல் நம் தொல்லியல் துறையினர் அந்த இடத்தில் ஒரு கை எலும்பைக் கண்டெடுத்தார்கள். ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் அதன் மரபணுவை ஆராய்ந்தது. தாய் வழியில் மட்டுமே இறங்கும் மரபணு ஒன்று உண்டு. அது இந்தியாவில் காணப்படாத, ஆனால் ஜார்ஜியாவில் காணப்படும் வகை என்று தெரிந்தது. ஆய்வை நடத்தியவர்களில் முதன்மையானவர் விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜ். பெயரைப் படித்துக் காட்டியபோது என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "நம்ம ஆளா?" என்றாள். 2021 ஜூலையில் நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அந்தப் புனித எச்சத்தின் ஒரு பகுதியை ஜார்ஜிய மக்களிடம் நேரில் ஒப்படைத்தார். கொண்டுவந்து நானூறு வருடம் ஆகப்போகிற சமயத்தில் ராணி ஊர் திரும்பினார்.

பூட்டிய வீடு

நாங்குநேரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வீடு உண்டு. தார்சா, பட்டாசல், அடுக்களை, பின்னால் தொழுவம். அப்பா காலமான பிறகு அம்மா எங்களோடு வாஸ்கோவுக்கு வந்துவிட்டார். வீட்டைப் பூட்டிப் பதினோரு வருடம் ஆகிறது. தம்பி புனேயில். விற்கலாம் என்பான், நான் வேண்டாம் என்பேன். ஆனால் போய்ப் பார்ப்பதும் இல்லை. "கெட்டியான வீடு, அம்பது வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று நான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

1835, 1842 என்ற இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கெழுதிய கை அல்லவா! சென்ற மாசியில் தனியாக ஊருக்குப் போனேன். பூட்டு துருவேறி, சாவி நுழையவில்லை, உடைத்துத்தான் திறந்தோம். அடுக்களைக் கூரையில் நாலைந்து ஓடு நழுவி, கீழே உத்திரம் இற்றுப்போய் இருந்தது. தொழுவத்துச் சுவர் ஏற்கனவே படுத்துவிட்டது. பட்டாசல் சுவரில், அப்பா படம் மாட்டியிருந்த ஆணிக்குச் சற்று மேலே, ஒரு அரசங்கன்று. விரல் கனம்தான். பிடுங்கினேன், வேரோடு ஒரு கை சாந்தும் வந்தது.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியை, கணவர், இரண்டு பிள்ளைகளோடு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். கூரையைச் சரிசெய்து அவர்களைக் குடிவைத்துவிட்டு வந்தேன். தம்பிக்குப் போன் செய்தேன்.

"வாடகை எவ்வளவுண்ணே?" என்றான்.

"வாடகை இல்லை. வருஷா வருஷம் வெள்ளையடிக்கணும். அதுதான் வாடகை" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தொழுவத்துச் சுவருக்கு நான் பணம் அனுப்புறேன்" என்றான்.

நம் வாசகர்களில் பலருக்கு இப்படி ஒரு பூட்டிய வீடு இருக்கும். சாவி இங்கே கோவாவில் பீரோவுக்குள் கிடக்கும். ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த முறை பழைய கோவா போகும்போது சவேரியாரைத் தரிசித்துவிட்டு மேற்கே பத்து நிமிடம் நடந்து வாருங்கள். காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ போவது நல்லது. மழைக்காலத்தில் பாசி வழுக்கும். முதலில் செபமாலை மாதா கோயில், அடுத்து இடிந்த கோயில், கடைசியாகக் கன்னியர் மடம் என்று பாருங்கள். இடிந்த சுவர்களில் பிள்ளைகளை ஏறவிட வேண்டாம். அவர்கள் ஏன் விழுந்தது என்று கேட்டால், எதிரே நிற்கும் மடத்தைக் காட்டுங்கள்.